196 சிசி மினி பைக் இன்ஜின்: உடைந்த கனெக்டிங் ராட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானிலேயே குடியிருக்கும் ஒரு தம்பியின் மினி பைக், முழு த்ராட்டிலில் போய்க்கொண்டிருந்தபோது, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் உடைந்து, இன்ஜினின் உடலான கிராங்க்கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆயில் மொத்தமும் கொட்டிப்போனது. தம்பிக்கு அடி எதுவும் இல்லை. இன்ஜின் மட்டும் பழைய இரும்பு விலைக்குத்தான் ஆகும்.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. அவன் செய்த மாற்றங்களைத்தான் வீட்டில் இன்ஜினைத் திறக்கும் பையன்கள் பலரும் செய்கிறார்கள், பெரும்பாலும் அதே வரிசையில். சாமான்கள் தரமானவைதான், கையும் சுத்தமான கைதான். வரிசை தவறிப்போனதால் இன்ஜின் போயிற்று. என்ன நடந்தது, பிறகு எப்படிக் கட்டினோம், கடைசியில் எவ்வளவு கிடைத்தது என்று முழுதாகச் சொல்கிறேன்.

வண்டி எப்படிப்பட்டது

சட்டம் வீட்டில் வெல்டிங் வைத்தது. இன்ஜின், செம்பனைத் தோட்டங்களிலும் கட்டுமான இடங்களிலும் தண்ணீர் பம்ப் ஓட்டும் அதே 196 சிசி வகை. ஹோண்டா ஜிஎக்ஸ்200 மாதிரியைப் பார்த்துச் செய்யப்பட்ட சீன இன்ஜின். துளை 68 மி.மீ., ஸ்ட்ரோக் 54 மி.மீ., அமுக்க விகிதம் 8.5. ஹோண்டா தன் இன்ஜினுக்குத் தரும் கணக்கு: நிமிடத்துக்கு 3600 சுற்றில் 5.5 குதிரைத்திறன், 2500 சுற்றில் 12.4 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சீன இன்ஜினில் ஸ்டிக்கர் 6.5 என்று சொல்லும். அதை நம்பிக் கணக்குப் போடாமல் இருப்பது நல்லது.

கிளட்ச் 12 பல், பின் ஸ்ப்ராக்கெட் 72 பல், அதாவது 6க்கு 1. டயர் 145/70-6. அதன் சுற்றளவு 1.1 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 3600 சுற்றில் இந்த வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும், அதற்கு மேல் ஓடாது. தம்பிக்கு 60 வேண்டும். அந்தக் கேள்வியை அவன் இன்ஜினிடம் மட்டும் கேட்டான், ஸ்ப்ராக்கெட்டிடம் கேட்கவே இல்லை.

ஓட்டும் இடம், தெற்கே தோட்டப் பக்கத்தில் குடும்ப நண்பர் ஒருவரின் காலி நிலம். அவர் அனுமதியோடுதான் ஓட்டுகிறான். மினி பைக்கைச் சாலையில் இறக்க முடியாது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவு, சாலை வரி, காப்புறுதி இல்லாத வண்டிக்குப் பொதுச் சாலையில் இடமில்லை. தாமானுக்குள் ஒரு ரவுண்டு அடிப்பதும் பொதுச் சாலைதான். அவன் அப்பா என்னிடம் முதலில் கேட்டதே, "தம்பி, இதை இவன் ரோட்டுல எடுத்துட்டுப் போகமாட்டான்ல?" என்றுதான். அந்த வாக்கு கிடைத்த பிறகே வேலையில் கை வைத்தேன்.

தம்பி செய்தது என்ன

"அண்ணே, கவர்னரை மட்டும்தான் விலக்கினேன், வேற பெருசா ஒண்ணும் பண்ணல" என்றான். கேட்கக் கேட்க மற்றதும் வந்தது. காற்றுப் பெட்டியைக் கழற்றி ஃபோம் ஃபில்டர் போட்டிருக்கிறான். சைலன்சரை எடுத்துவிட்டு நேர்க்குழாய். கார்பரேட்டருக்குப் பெரிய ஜெட், அதாவது பெட்ரோல் வரும் துளை பெரியது. சுற்று அளவு மீறாமல் பிடித்துவைக்கும் கவர்னரின் கம்பியைத் துண்டித்து, த்ராட்டில் கேபிளை நேராக கார்பரேட்டரில் கட்டியிருக்கிறான். கடைசியாக, ஆன்லைனில் வாங்கிய கடினமான வால்வு ஸ்ப்ரிங். பழைய ஸ்ப்ரிங் சுமார் 11 பவுண்டு, புதியது 18. இதைப் போட்ட பிறகுதான் வண்டி நன்றாகப் பறந்தது என்றான். ராட் உடைந்ததும் அதற்குப் பிறகுதான்.

எந்தச் சுற்றில் ஓடியது என்று தெரிந்துகொள்ள டாக்கோமீட்டர் இல்லை. ஆனால் போனில் ஜிபிஎஸ் வேகம் 60ஐத் தொட்டதாகச் சொன்னான். 6க்கு 1 கியரில் அந்த வேகம் வர இன்ஜின் 5400, 5500 சுற்று போயிருக்க வேண்டும்.

உடைந்த துண்டுகள் சொன்னது

துண்டுகளைப் பழைய நாளிதழ் மேல் பரப்பி, மண்ணெண்ணெயில் கழுவினேன். ராட்டின் தண்டு நடுவில் வளைந்து முறிந்திருந்தது. முறிந்த முகம் சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, புதிதாக இருந்தது. பல நாள் விரிசல் என்றால் ஒரு பக்கம் கறுத்து வழுவழுப்பாக இருக்கும். அது இல்லை. பெரிய முனையின் மூடி தனியாக வந்துவிட்டது, அதன் ஒரு போல்ட் கண்ணுக்குத் தெரியும் அளவு நீண்டிருந்தது.

பிறகு, ராட்டின் பெரிய முனை சுழலும் கிராங்க் பின்னைப் பார்த்தேன். விரலால் தடவினாலே தெரிந்தது. பின்னின் பாதிச் சுற்றில் வெள்ளி நிறத்தில் அலுமினியம் அப்பிக்கிடந்தது, பக்கத்தில் எஃகு நீலம் பூத்திருந்தது. இந்த வகை இன்ஜினில் ராட் அலுமினிய வார்ப்பு. காரில் இருப்பது போல் தனி பேரிங் தகடு கிடையாது, அலுமினியமே கிராங்க் பின் மேல் நேராகச் சுழலும். இடையில் இருப்பது ஆயில் படலம் மட்டும். ஆயில் பம்ப்பும் இல்லை. ராட்டின் அடியில் உள்ள சின்னக் கரண்டி, ஆயிலில் தோய்ந்து தோய்ந்து தெறிப்பதுதான் மொத்த லூப்ரிகேஷன். கொள்ளளவே 0.6 லிட்டர்.

ஆக, படலம் முதலில் கிழிந்திருக்கிறது. பின்னில் ராட் பிடித்திருக்கிறது. பிடித்த ராட்டை அதே வேகத்தில் பிஸ்டன் இழுக்க, போல்ட் நீண்டு, தண்டு முறிந்திருக்கிறது.

இழுவை எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டால் இன்னும் நன்றாகப் புரியும். பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் அந்த உச்சிப்புள்ளியில், ராட் அதைக் கீழே பிடித்து இழுக்க வேண்டும். 3600 சுற்றில் அந்த விசை பிஸ்டன் எடையைப் போல் சுமார் 500 மடங்கு. இது சுற்று கூடக் கூட அதே அளவில் கூடாது, வர்க்கத்தில் கூடும். 5500 சுற்றில் 3600இல் இருந்ததைவிட 2.3 மடங்கு. பெட்ரோல் எரிந்து தரும் அழுத்தம் ராட்டை அமுக்கத்தான் செய்யும், அதை அலுமினியம் தாங்கும். இழுவைதான் கொல்லும். திறன் கூட்டியதால் ராட் உடையவில்லை, சுற்று கூட்டியதால் உடைந்தது. இந்த வித்தியாசம் மனதில் நின்றால் மற்ற எல்லா முடிவுகளும் சுலபம்.

ஸ்ப்ரிங் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பெனி போட்ட மெல்லிய ஸ்ப்ரிங், சுற்று 5000ஐத் தாண்டிப் போகப்போக வால்வை, அதைத் திறக்கும் கேமோடு ஒட்டி வைத்திருக்கத் திணறும். வால்வு சரியாக மூடாது, இன்ஜின் தடுமாறும், அதற்கு மேல் ஏறாது. பையன்கள் இதை ஒரு குறையாக நினைக்கிறார்கள். என் பார்வையில் அது வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஃப்யூஸ் மாதிரி. கவர்னர் முதல் காவல், மெல்லிய ஸ்ப்ரிங் இரண்டாவது காவல். தம்பி முதலில் கவர்னரை எடுத்தான், இன்ஜின் தப்பித்தது. பிறகு ஸ்ப்ரிங்கையும் எடுத்தான். ராட் மட்டும் பழைய ராட்தான். அடுத்து உடைய வேண்டியது அதுதானே.

முன்னெச்சரிக்கை ஒன்றும் வந்திருக்கிறது. அதற்கு முன் ஆயில் மாற்றியபோது ஆயில் மினுமினுத்ததாம். காந்தத்தை விட்டுப் பார்த்திருக்கிறான், எதுவும் ஒட்டவில்லை, சரி பயமில்லை என்று விட்டுவிட்டான். ராட்டும் பிஸ்டனும் அலுமினியம், காந்தத்தில் ஒட்டாது. புது இன்ஜினின் முதல் ஆயிலில் மினுமினுப்பு சகஜம், வார்ப்புத் தூள் வரும். இரண்டாவது, மூன்றாவது மாற்றத்திலும் வந்தால் ராட் தேய்கிறது. வடித்த ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பார்த்தாலே போதும்.

இதைவிட மோசமாகவும் ஆகியிருக்கலாம். கிராங்கோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் இந்த இன்ஜின்களில் வார்ப்பிரும்பு, 3600 சுற்றுக்கென்று வார்த்தது. அது 5500இல் வெடித்தால், மெல்லிய தகட்டு மூடியால் தடுக்க முடியாது. ஃப்ளைவீல் இருக்கும் இடம், ஓட்டுபவனின் தொடைக்குப் பக்கம்.

மறுபடி கட்டியது

வேறொரு இன்ஜின் வாங்கினோம். வாங்கும்போது ஷாஃப்டை வெர்னியரால் அளந்தோம். இதே இன்ஜின் 19.05 மி.மீ. ஷாஃப்டோடும் வரும், 20 மி.மீ. ஷாஃப்டோடும் வரும். பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் 19.05 கிளட்ச் 20இல் ஏறாது.

பழைய கிராங்கையும் காப்பாற்ற முடிந்தது. அப்பிய அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா கரைசல் தின்றுவிடும், எஃகைத் தொடாது. கையுறை, கண்ணாடி போட்டு, வெட்டவெளியில் செய்ய வேண்டிய வேலை, ஏனென்றால் ஹைட்ரஜன் வெளிவரும். கழுவி அளந்ததில் பின் வட்டமாகவே இருந்தது. இப்போது அது உபரிச் சாமானாக அலமாரியில் இருக்கிறது.

இலக்கை முதலில் தாளில் எழுதினோம். 60 கிலோமீட்டர் வேகம் வேண்டும், ஆனால் 4500 சுற்றைத் தாண்டக்கூடாது. பின் ஸ்ப்ராக்கெட்டை 72 பல்லிலிருந்து 60 பல்லாக மாற்றினால் கியர் 5க்கு 1 ஆகும். அதில் 4500 சுற்றுக்கு 60 கிலோமீட்டர் வரும். முன்பு 5500இல் கிடைத்த அதே வேகம், ராட்டின் மேல் விழும் இழுவையோ மூன்றில் ஒரு பங்கு குறைவு. தம்பி தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ ஸ்ப்ராக்கெட் மட்டும் மாத்தினா போதுமாண்ணே?" என்றான்.

போதாது. உயர்ந்த கியரை இழுக்க இன்ஜினிடம் 20 விழுக்காடு கூடுதல் முறுக்குவிசை வேண்டும். இல்லாவிட்டால் கிளம்பும்போது கிளட்ச் வழுக்கிச் சூடாகும். அந்த முறுக்குவிசையைச் சுற்றில் தேடாமல் மூச்சில் தேட வேண்டும். அதாவது நடுச் சுற்றில் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது, எவ்வளவு நன்றாக எரிக்கிறது, எவ்வளவு தாராளமாக வெளியே தள்ளுகிறது என்பதில்.

உடையக்கூடியதை முதலில் பலப்படுத்தினோம். பில்லெட் ராட், அதாவது வார்க்காமல் முழுக் கட்டியிலிருந்து கடைந்தது, பேரிங் தகடு வைத்தது. பின்னுக்கும் தகட்டுக்கும் இடைவெளியை ப்ளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் இழை வைத்து அளந்ததில் 0.07 மி.மீ. வந்தது, நல்ல அளவு. புது ராட்டின் கரண்டி பிளாக்கில் எங்கும் உரசாததைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டே மூடியைப் போட்டோம். அடுத்து பில்லெட் ஃப்ளைவீல். அதைக் கிராங்கின் கூம்பில் வால்வு பேஸ்ட் தடவி உரசிப் பொருத்த வேண்டும். பிடித்து வைத்திருப்பது கூம்புதான், சாவி வெறும் இடம் காட்டும் துண்டு. நட் 75 நியூட்டன் மீட்டரில் டார்க் ரென்ச்சால் இறுக்கியது. பொறி தரும் காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடைவெளி 0.4 மி.மீ., ஒரு தடித்த விசிட்டிங் கார்டை நடுவில் வைத்தால் ஏறத்தாழ வந்துவிடும்.

செலவில் பெரும்பகுதி இந்த இரண்டு சாமான்களுக்குத்தான் போயிற்று, இன்ஜின் விலையையே தாண்டிவிட்டது. இரண்டும் ஒரு குதிரைத்திறனையும் கூட்டாது. ஆனாலும் வெள்ளியைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

பிறகு வால்வுகள் இருக்கும் ஹெட். உட்செல்லும் வழியில் வார்ப்புப் பிசிறுகளையும், வால்வு இருக்கைக்குக் கீழே இருந்த ஒரு படியையும் சின்ன கிரைண்டரால் நீக்கினோம். வழியைப் பெரிதாக்கவில்லை. பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து, எந்தச் சுற்றில் முறுக்குவிசை வேண்டுமோ அங்கேயே அது போய்விடும். வால்வு இரண்டையும் பேஸ்ட் வைத்து உரசி, பெட்ரோல் ஊற்றிக் கசிவு பார்த்தோம். ஹெட் காஸ்கெட்டை 0.8 மி.மீ. மெல்லியதாக மாற்றியதில் எரியும் அறை சுமார் 3 சிசி சுருங்கியது. அமுக்க விகிதம் 8.5இலிருந்து 9.4 பக்கம் போனது. ஆர்ஓஎன்95 பெட்ரோலுக்கு இது பிரச்சினை இல்லை, 97 ஊற்றத் தேவையே இல்லை. காஸ்கெட் மெலிந்தால் ராக்கர் இடைவெளியும் மாறும். மறுபடி உள் வால்வு 0.15, வெளி வால்வு 0.20 மி.மீ. வைத்தோம்.

அமுக்கத்தைக் கேஜ் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். கயிறு இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இந்த இன்ஜினின் கேமில் ஒரு டிகம்ப்ரஷன் அமைப்பு இருக்கிறது, இழுக்கும்போது வெளி வால்வைக் கொஞ்சம் திறந்துவிடும். கேஜ் காட்டும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஜெட் பொருத்தியதில்தான் அதிக நேரம் போனது. ஃபோம் ஃபில்டரும் தாராளமான சைலன்சரும் போட்டால் காற்று கூடும், பெட்ரோலும் கூட வேண்டும். ஆனால் வெளிநாட்டுக் கிட்டோடு வரும் ஜெட்டை அப்படியே மாட்டினால் இங்கே புகையும். நம் மதிய வெயிலில் 33 டிகிரி சாதாரணம். 25 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் அதன் அடர்த்தி 3 விழுக்காடு போலக் குறைவு, ஈரப்பதமும் தன் பங்கை எடுக்கும். அதனால் ஒரு படி சின்ன ஜெட்டில் தொடங்கினோம். முழு த்ராட்டிலில் நீளமாக ஓட்டி, அப்படியே சுவிட்சை அணைத்து, கிளட்ச் தானாக விட்டு நின்றதும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. பீங்கான் வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுப்பு என்றால் அதிகம், வெளிர் பழுப்பு என்றால் சரி. முதலில் வெள்ளை. அடுத்த ஜெட்டில் பழுப்பு வந்தது. இன்னும் ஒரு படி பெரிதாக்கியபோது ஜிபிஎஸ்ஸில் வேகம் குறைந்தது, பழையபடி இறக்கிவிட்டோம்.

சைலன்சரில் தம்பிக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். நேர்க்குழாய் சத்தம் அவனுக்குப் பிடிக்கும். தோட்டத்துப் பக்கம் வயதானவர்கள் குடியிருக்கிறார்கள், புகார் வந்தால் நிலம் கொடுத்தவருக்குத்தான் சங்கடம். பெரிய உருளைச் சைலன்சர் போட்டோம். நேர்க்குழாயோடு ஒப்பிட்டு ஓட்டினான், வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று அவனே ஒத்துக்கொண்டான்.

கவர்னரை எடுக்கவில்லை. அதன் ஸ்ப்ரிங்கை மட்டும் கொஞ்சம் கடினமாக்கி, நிறுத்து திருகை நகர்த்தி, 4400இல் பிடிக்கும்படி வைத்தோம். வால்வு ஸ்ப்ரிங்கும் கம்பெனி ஸ்ப்ரிங்கே. இரண்டு காவலும் இருந்த இடத்தில் இருக்கின்றன. இதை அளக்க பிளக் வயரில் சுற்றும் மலிவான டாக்கோமீட்டர் போதும். அதில் ஒரு செட்டிங் உண்டு. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்தானே என்று இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என வைத்தால், காட்டும் எண் இரட்டிப்பாகிவிடும். இந்த இன்ஜின் ஃப்ளைவீல் காந்தத்தால் ஒவ்வொரு சுற்றிலும் பொறி விடும். ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்று வைத்தால்தான் சரியாகக் காட்டும்.

கிடைத்தது

சமதளத்தில் ஜிபிஎஸ் 57 காட்டுகிறது, இன்ஜின் 4400இல். கணக்குப்படி 59 வர வேண்டும். மீதியை மண் தரையும் டயர் வழுக்கலும் எடுத்துக்கொள்கின்றன. வேகத்தைவிட எனக்குப் பிடித்தது, மேட்டில் த்ராட்டில் திறந்தால் சுற்று இறங்காமல் இழுப்பது. திறன் அளக்கும் டைனோ வசதி நமக்கு இல்லை, எத்தனை குதிரைத்திறன் என்று சொல்லப்போவதில்லை. 5க்கு 1 கியரைத் தடுமாறாமல் இழுக்கிறது, அது போதும்.

ஒரு பக்க விளைவு வந்தது. தம்பியின் சின்னத் தம்பி மெதுவாக உருட்டி ஓட்டியதில் கிளட்ச் டிரம் நீலம் பூத்தது. கிளட்ச் 2000 சுற்றுக்குக் கிட்டத்திலேயே பிடித்து, பாதி வழுக்கலில் ஓடியிருக்கிறது. ஸ்ப்ரிங் மாற்றி, முறுக்குவிசை உச்சமாக இருக்கும் 2500 பக்கம் பிடிக்கும்படி வைத்த பிறகு டிரம் சூடாவது நன்றாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் நடை வேகத்தில் ஓட்டுவதற்கு இந்த வண்டி இனி லாயக்கில்லை.

ஆயில் 10டபிள்யூ-30. ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டும் முன் அளவு பார்க்கிறான். அண்மையில் வடித்த ஆயிலைக் கிண்ணத்தில் ஊற்றி எனக்குப் படம் அனுப்பினான். பழுப்பு நிறம், மினுமினுப்பு இல்லை.

பிரேக் இன்னும் பாக்கி. பழைய பேண்ட் பிரேக் 40 கிலோமீட்டருக்கே தத்தளித்தது. இப்போது பின்னால் டிஸ்க் போட்டாயிற்று, முன்சக்கரத்துக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். அவனுக்கு அடுத்த ஆசை கேம்ஷாஃப்ட். பெரிய கேம் போட்டால் திறன் மேல் சுற்றுக்குப் போகும், கடின ஸ்ப்ரிங் வேண்டும், கவர்னரும் போக வேண்டும். முன் பிரேக்கை மாட்டி, முழு வேகத்திலிருந்து நேராக நிறுத்திக் காட்டட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.